முதியோரும் பல்கலைக்கழகமும்

கல்வி இளமைக்கே உரியது என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. பிள்ளை ஐந்து வயதிற் பாடசாலை புகுகின்றது. இருபதாம் வயதளவிற் பல்கலைக்கழகத்தை அடைகின்றது. பட்டம் பெற்று வெளியேறியதும் கற்றற்கடன் தீர்ந்ததெனக் கொள்ளப்படுகின்றது. அதன்பின் அவர் தொழில் செய்வோர், கற்போர் அல்லர். தொழிலினின்றும் இளைப்பாறிய பின்னரோ தொழில் செய்வோரும் அல்லர், கற்போரும் அல்லர். அவ்வாறாயின் அவர் யாவர்? பேரப்பிள்ளைகளைப் பார்த்திருப்போர் என்றும், நோய்க்கு மருந்துண்போர் என்றும், பிறர் உழைப்பில் வாழ்வோர் என்றும் உலகம் அவர்க்கு இலக்கணம் வகுத்தது. இவ்விலக்கணம் பொருந்துமா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே மேலைநாடுகளிற் கூர்மையாக எழுந்தது. அதற்கு விடை காண முயன்றோர் சிலர் பல்கலைக்கழகத்தையே நாடினர்.

அங்ஙனம் தோன்றியவையே மூன்றாம் பருவப் பல்கலைக்கழகங்கள் என வழங்குவன. அவை தோன்றிய காரணத்தையும், இருவேறு நெறிகளாகப் பிரிந்து வளர்ந்த முறையையும், முதியோர் கல்விக்கும் முதியோர் தொண்டிற்கும் உள்ள தொடர்பையும், இம்முயற்சியின்மேற் கூறப்படும் குறைகளையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

முதலிற் காரணத்தை நோக்குவாம். முற்காலத்திலும் முதியோர் இருந்தனர். ஆயின் அவர் சிலரே. மகப்பேற்றிலும் குழந்தைப் பருவத்திலும் கொள்ளைநோயிலும் மாண்டோர் போக, எழுபது வயதைக் கண்டோர் ஊரிற் சிலராகவே விளங்கினர். அச்சிலரும் கையும் காலும் இயங்குமளவும் வயலிலோ பட்டறையிலோ உழைத்தனர். குறித்த ஒரு வயதில் தொழிலை விட்டு நீங்கி, உடல் நலத்தோடும் சிறிது பொருளோடும் இருபது ஆண்டு வாழ்தல் என்பது பொதுமக்களுக்குப் புதிதாக வாய்த்த நிலை. மருத்துவமும் சுகாதாரமும் வாழ்நாளை நீட்டின. இளைப்பாற்றுச் சம்பளம் உழைப்பிலிருந்து விடுதலை அளித்தது. இவ்விரண்டும் கூடியபோது மனித வாழ்விலே முன்னில்லாத ஒரு பருவம் உருவாயிற்று. பிரான்சு தேசத்தார் அதனை மூன்றாம் பருவம் என்றனர்.

பெயர் பிறந்த நாட்டிலேயே பல்கலைக்கழகமும் பிறந்தது. பிரான்சின் தென்பாகத்திலுள்ள துலூஸ் நகரிற் சர்வதேசச் சட்டம் கற்பித்த பேராசிரியர் பியர் வெலாஸ் என்பார் 1973ஆம் ஆண்டில் தம் பல்கலைக்கழகத்தின் கதவுகளை இளைப்பாறியோர்க்குத் திறந்துவிட்டார். அதற்கு ஈராண்டின் முன், 1971இல், தொழில் செய்வோரின் தொடர்கல்வி பற்றி அந்நாட்டிலே சட்டமொன்று இயற்றப்பட்டிருந்தது. கல்வி வாழ்நாள் முழுவதற்கும் உரியது என்னும் கருத்து அரசாங்கத்தாலும் ஏற்கப்பட்ட காலம் அது. வெலாஸ் அக்கருத்தைத் தொழில் செய்வோரைக் கடந்து, தொழிலை விட்டோரிடத்துங் கொண்டு சென்றார்.

துலூஸிலே நிகழ்ந்ததன் சிறப்பு அதன் எளிமையிலே தங்கியிருந்தது. நுழைவுப் பரீட்சை இல்லை. முன்னைய தகைமை எதுவும் கேட்கப்படவில்லை. சிறிய கட்டணத்தைச் செலுத்திப் பெயரைப் பதிவுசெய்தோர் யாவரும் விரிவுரைகளைக் கேட்கலாயினர். வரலாறு, கலை, மொழி, சட்டம் ஆகியவற்றோடு உடற்பயிற்சியும் உடல்நலம் பேணும் அறிவும் பாடவிதானத்தில் இடம்பெற்றன. முதியோரின் உடல்நிலை, உளநிலை, வாழ்க்கைநிலை ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் தன் ஆராய்ச்சிக்கும் பொருளாக்கியது. எனவே முதியோர் ஆங்குக் கேட்போராகவும் ஆராய்ச்சிக்கு உதவுவோராகவும் விளங்கினர். இம்முயற்சி விரைவிற் பரவிற்று. 1975ஆம் ஆண்டிலே போலந்து நாட்டின் வார்சோ நகரில் ஹலினா ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவப் பேராசிரியை இத்தகையதொரு நிறுவனத்தைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே இத்தகைய பல்கலைக்கழகங்களின் சர்வதேசச் சங்கமும் அமைந்தது. பெல்ஜியம், சுவிற்சர்லாந்து, இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளும், கனடாவிற் பிரெஞ்சு மொழி வழங்கும் கியூபெக் மாகாணமும் துலூஸின் வழியைப் பின்பற்றின.

இந்நெறியிற் பல்கலைக்கழகமே நடுநாயகம். பேராசிரியர் கற்பிப்பர், முதியோர் கேட்பர். இதன் நன்மை வெளிப்படை. ஆழ்ந்த புலமையுடையோரின் வாய்மொழியைக் கேட்கும் வாய்ப்பு, முன்னர் அதனைப் பெறாதார்க்கும் கிட்டுகின்றது. நூனிலையமும் ஆய்வுகூடமும் கைக்கெட்டுகின்றன. ஆயின் ஒரு குறையும் இதனுள் மறைந்துள்ளது. நாற்பது ஆண்டு பாலங் கட்டிய எந்திரவியலாளர் ஒருவரும், ஆயிரம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியை ஒருவரும், பல தலைமுறை நோயாளரைப் பேணிய தாதி ஒருவரும் அவ்வகுப்பிலே அருகருகே அமர்ந்திருக்கலாம். அவர் அறிந்தவற்றை அவரிடம் கேட்பார் அங்கு எவருமிலர். முதியோர்க்குக் கல்வி வழங்கப்பட்டது. முதியோரிடமிருந்து கல்வி பெறப்படவில்லை.

இக்குறையை நேர்நின்று நோக்கியது இங்கிலாந்து. ஆங்கு எழுந்த நெறியை அறிதற்குப் பீற்றர் லாஸ்லெற் என்னும் வரலாற்றறிஞரின் வாழ்க்கையைச் சற்று அறிதல் வேண்டும். 1915இற் பிறந்த இவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரித்துவக் கல்லூரியைச் சார்ந்தவர். அரசியற் றத்துவஞானி ஜோன் லொக்கின் நூலை ஆராய்ந்து பதிப்பித்துப் புகழ் பெற்றவர். பின்னர் இவர் கருத்து அரசரையும் அமைச்சரையும் விட்டுப் பெயரறியாப் பொதுமக்களிடத்துச் சென்றது. பழைய காலத்து இங்கிலாந்திற் சாதாரண மக்கள் எவ்வயதில் மணந்தனர், எத்தனை பிள்ளைகளைப் பெற்றனர், எவ்வயதில் இறந்தனர் என்பவற்றை அறிய விழைந்தார். 1964இல் ரிக்லி என்னும் அறிஞரோடு சேர்ந்து குடித்தொகை வரலாற்றை ஆராயும் குழுவொன்றைக் கேம்பிரிட்ஜில் நிறுவினார்.

அவ்வாராய்ச்சிக்குரிய சான்றுகள் ஓரிடத்தில் இருக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டு தொடக்கம் ஒவ்வொரு கோயிற்பற்றிலும் குருமார் எழுதிவைத்த ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் பற்றிய பதிவேடுகளில் அவை சிதறிக் கிடந்தன. அவற்றையெல்லாம் மாதந்தோறும் எண்ணிக் கணக்கெடுத்தல் ஒரு குழுவினரால் இயலுவதன்று. எனவே குழுவினர் பொதுமக்களின் உதவியை வேண்டினர். நாடெங்கணுமுள்ள உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஊதியம் எதுவும் பெறாது, தத்தம் ஊர்க் கோயிலின் பழம் பதிவேடுகளைப் பிரித்து வைத்து, மங்கிய கையெழுத்தைப் படித்து, எண்ணி, வரைந்த படிவங்களை அனுப்பினர். அவ்வாறு வந்தவற்றுள் 404 கோயிற்பற்றுக்களின் கணக்கைக்கொண்டு ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 1541 தொடக்கம் 1871 வரையுள்ள இங்கிலாந்தின் குடித்தொகை வரலாற்றை எழுதி 1981இல் வெளியிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாட்டு மக்கட்டொகை பெருகியமைக்கு இறப்புக் குறைந்தமையிலும் மக்கள் முன்னரிலும் இளவயதில் மணம்புரிந்து பிள்ளைகளைப் பெற்றமையே பெரிய காரணம் என்பதனை அந்நூல் நிலைநாட்டிற்று. அறிஞர் உலகம் போற்றிய அப்பெருநூலின் அடிக்கல்லை இட்டோர் பட்டத்தையும் பதவியையும் கருதாத தொண்டர்களே என்பது நாம் மனங்கொள்ளத் தக்கது.

ஆகவே, பல்கலைக்கழகத்துக்கு வெளியே எத்துணை அறிவும் உழைப்பும் பயன்படாது கிடக்கின்றன என்பதனை லாஸ்லெற் கண்கூடாக அறிந்திருந்தார். அவரோடு கூடியவர் இருவர். ஒருவர் மைக்கேல் யங். அவரும் 1915இற் பிறந்தவரே. திறந்த பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணத்தை 1962இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துரைத்து, அது 1969இற் பிரித்தானியாவில் உருப்பெறுதற்கு வழிகோலியவர் அவர். மற்றவர் எரிக் மிட்வின்ரர் என்னும் கல்வியாளர். முதுமை பற்றிய கொள்கைகளை ஆராயும் நிலையமொன்றை அக்காலத்தில் இயக்கிவந்தவர். இம்மூவரும் 1981இல் தம் திட்டத்தை வகுத்தனர். மிட்வின்ரர் வானொலியில் இதுபற்றி உரையாடியதும் நூற்றுக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. 1982இற் கேம்பிரிட்ஜிலே வகுப்புக்கள் தொடங்கின. அடுத்த ஆண்டில் நாடு முழுவதற்குமான பொறுப்பாண்மைச் சபையொன்று அமைந்தது.

பெயர் பிரான்சிலிருந்து வந்ததாயினும் பொருள் வேறாயிற்று. பல்கலைக்கழகம் என்னுஞ் சொல்லை அவர்கள் அதன் பழம்பொருளிலே கையாண்டனர். மத்திய கால ஐரோப்பாவிற் பல்கலைக்கழகம் என்றது கட்டடத்தையன்று. கற்போரும் கற்பிப்போரும் தம்முட் கூடி அமைத்த கூட்டத்தையே. அவ்வாறே இங்கும் கற்பிப்போர் கற்போராகவும், கற்போர் கற்பிப்போராகவும் இருத்தல் வேண்டும் என்பது விதி. பட்டமில்லை, பரீட்சையில்லை, சம்பளம் பெறும் ஆசிரியரில்லை. இலத்தீன் அறிந்தவர் பத்துப்பேருக்கு இலத்தீன் கற்பிப்பார்; அப்பத்துப்பேருள் ஒருவர் தாவரவியல் அறிந்தவராயின், மறுநாள் அவர் ஆசிரியராக, முன்னையவர் மாணவராவார். வகுப்புக்கள் ஒருவர் வீட்டு முன்கூடத்திலோ ஊர் மண்டபத்திலோ பகற்பொழுதில் நடைபெறும். கட்டணம் மிகச் சிறிது. கதிரை அடுக்குதல், தேநீர் வழங்குதல், கணக்கெழுதுதல், காது மந்தமானவரை முன்வரிசையில் அமர்த்துதல் யாவும் உறுப்பினர் பணியே. இங்ஙனம் கல்வியும் தொண்டும் வேறுபிரிக்கவியலாதன ஆயின.

இந்நெறிக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1962ஆம் ஆண்டிலேயே நியூயோர்க் நகரிலுள்ள புதிய கல்விக்கூடம் என்னும் உயர்கல்வி நிறுவனத்தில் இளைப்பாறிய பாடசாலை ஆசிரியர் சிலர் கூடி, ஒருவர்க்கொருவர் கற்பிக்கும் கழகமொன்றை நிறுவினர். விரிவுரையாளரை வேண்டாது தாமே பாடங்களை வகுத்து நடத்தினர். ஆயினும் அஃது ஒரு பல்கலைக்கழகத்தின் நிழலிலே நின்றது. பிரித்தானியர் வகுத்ததோ எவ்வூரிலும், பல்கலைக்கழகமே இல்லாத சிற்றூரிலும், தழைத்தற்குரியது. அதனாலேயே அது பெரிதும் வளர்ந்தது. 1984இல் அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலும், 1989இல் நியூசிலாந்திலும் வேரூன்றிற்று. பிரித்தானியாவிலே அதன் கிளைகள் ஆயிரத்தைக் கடந்தன. உறுப்பினர் தொகை நான்கு இலட்சத்தை அண்மித்தது. கீழைத்தேயத்திலோ சீன நாட்டின் ஷான்டொங் மாகாணத்தில் 1983இல் முதியோர் பல்கலைக்கழகம் தோன்றி, அரசாங்க ஆதரவோடு நாடெங்கும் பரவும் வேறொரு வழியைக் காட்டிற்று.

லாஸ்லெற் தம் அனுபவத்தையும் ஆராய்ச்சியையும் ஒருங்கு சேர்த்து 1989இல் வாழ்க்கையின் புதிய படம் என்னும் பொருள்படும் நூலொன்றை எழுதினார். அதில் மனித வாழ்வை நான்கு பருவமாகப் பகுத்தார். முதலாவது, பிறரைச் சார்ந்து கற்கும் பருவம். இரண்டாவது, தொழிலும் குடும்பமும் பொறுப்பும் உடைய பருவம். மூன்றாவது, தன் விருப்பத்தை நிறைவேற்றும் பருவம். நான்காவது, மீண்டும் பிறரைச் சார்ந்து நின்று முடிவெய்தும் பருவம். இவை வயதெண்ணால் அமைவன அல்ல என்பதனை அவர் வற்புறுத்தினார். ஒரு நாட்டிலே மூன்றாம் பருவம் உண்மையாகத் தோன்றிவிட்டதா என்றறிதற்கு அவர் கூறிய அளவுகோல்களுள் ஒன்று எளியது. இருபத்தைந்து வயதினர் ஒருவர் எழுபது வயதை அடைவார் என்பதற்குரிய நிகழ்தகவு பாதிக்கு மேற்படல் வேண்டும். அங்ஙனமாயின், இளைஞர் ஒருவர் தம் முதுமையை எதிர்பாராத பேறாகக் கருதாது, முன்கூட்டியே திட்டமிடுதற்குரிய காலமாகக் கருதலாம்.

நால்வகை ஆச்சிரமங்களை அறிந்த நமக்கு இப்பகுப்புப் புதிதாகத் தோன்றாது. பிரமசரியம், இல்லறம், வானப்பிரத்தம், சந்நியாசம் என்னும் முறைவைப்போடு இஃது ஒருபுடை ஒத்திருத்தல் வெளிப்படை. ஆயினும் வேறுபாடே ஈண்டு நோக்கற்பாலது. வானப்பிரத்தன் இல்லத்தின் பொறுப்பை மக்களிடம் ஒப்படைத்து ஊரைவிட்டு வனத்தை நோக்கிச் செல்கின்றான். அவன் செல்லுந் திசை விலகுதலாகிய திசை. லாஸ்லெற் கூறும் மூன்றாம் பருவத்தினனோ ஊரினுள்ளே, கற்போர் கூட்டத்தினுள்ளே, மீண்டும் வந்து புகுகின்றான். முன்னையது பற்றை அறுத்தற்கு; பின்னையது தொடர்பை வளர்த்தற்கு. இரண்டும் ஒன்றெனக் கூறி மகிழ்தல் எளிது. ஆயின் அது பொருந்தாது.

இனி, முதியோரால் உண்மையிற் கற்க இயலுமா என்னும் ஐயத்தை ஆராய்வாம். அறிவாற்றல் முப்பது வயதின் பின் வீழ்ச்சியடையும் என்னும் கொள்கை நெடுங்காலம் நிலவிற்று. பலதிறப்பட்ட வயதினரை ஒரே காலத்திற் பரீட்சித்து, இளைஞர் கூடிய புள்ளிகளையும் முதியோர் குறைந்த புள்ளிகளையும் பெறுதலைக் கண்டு அம்முடிபிற்கு வந்தனர். அமெரிக்காவிலுள்ள சியாற்றில் நகரில் 1956ஆம் ஆண்டில் வார்னர் ஷாயி என்னும் உளநூலறிஞர் தொடங்கிய ஆராய்ச்சி இம்முறையின் வழுவை வெளிப்படுத்திற்று. அவர் அதே மனிதரை ஏழாண்டுக்கொருமுறை மீண்டும் மீண்டும் பரீட்சித்தார். அப்பொழுது பெரும்பாலாரிடத்துப் பல ஆற்றல்கள் அறுபது வயதளவும் பெரிதுங் குறையாது நிலைத்தல் தெரிந்தது. முன்னையோர் முதுமையின் வீழ்ச்சியெனக் கண்டதிற் பெரும்பகுதி, அம்முதியோர் தம் இளமையிலே குறைந்த ஆண்டுகளே பாடசாலையிற் கற்றமையின் விளைவாகும். கல்வி மறுக்கப்பட்டமையை இயற்கையின் குற்றமாகக் கொண்டனர் என்க.

முதுமையால் எதுவும் குறைவதில்லை என்பது இதன் பொருளன்று. விரைவு குறையும், புதிய பெயர்கள் நினைவில் நிற்றல் அரிதாகும். சொல்லறிவும் அனுபவத்தால் வந்த தெளிவும் நெடுங்காலம் நிலைக்கும். ஷாயியும் அவர்தம் துணைவியார் ஷெரி வில்லிஸும் அறுபத்து நான்கு வயதைக் கடந்தோர்க்கு ஐந்து மணிநேர அளவிலான பயிற்சியை அளித்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், ஆற்றல் குறைந்தோருள் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவினர் பதினான்கு ஆண்டுக்கு முன்னிருந்த நிலையை மீண்டும் எய்தினர் எனக் காட்டினர். எனவே முதியோர்க்கு ஏற்ற முறையிற் கற்பித்தலே வேண்டுவது. பாடத்தை நிதானமாகக் கூறுதல், எழுத்தைப் பெரிதாக எழுதுதல், நல்ல வெளிச்சம், இடையிடையே ஓய்வு, முன்னறிந்ததோடு புதியதைத் தொடுத்தல், பரீட்சை அச்சம் இன்மை என்பனவே அம்முறையின் கூறுகள். இவற்றுள் எது இளைஞர்க்குத் தீங்காகும் என ஆசிரியராயினோர் சிந்திப்பாராக.

கற்றலோடு தொண்டு சேரும்போது நிகழ்வதை விளக்குதற்கு அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் நிகழ்ந்ததொன்றைக் கூறலாம். 1988இலே ஜோன் காட்னர் என்பார், அந்நாட்டிற் கல்விக்கும் நலனுக்கும் பொறுப்பான செயலாளராக முன்னர் விளங்கியவர், அனுபவமிக்க முதியோரைக் கொண்ட தொண்டர்படையொன்று வேண்டும் என எழுதினார். 1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அது செயலுருப் பெற்றது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லிண்டா ஃபிரைட் என்னும் மருத்துவப் பேராசிரியை அதனை ஆராய்ச்சியாகவும் அமைத்தார். அறுபது வயதைக் கடந்தோர் பயிற்சி பெற்று, ஆரம்ப பாடசாலைகளுக்குச் சென்று, கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் நூனிலையத்தைப் பயன்படுத்தவும் சச்சரவுகளைத் தீர்க்கவும் உதவினர். கிழமைக்குப் பதினைந்து மணிநேரம் பணிபுரிந்தனர். போக்குவரத்து முதலிய செலவுக்கு ஒரு சிறு தொகை அளிக்கப்பட்டமையால் வறியோரும் இதிற் சேர முடிந்தது. 702 பேர் ஆராய்ச்சியிற் பங்குபற்றினர். அவருட் பெரும்பாலோர் ஆபிரிக்க அமெரிக்கப் பெண்கள்.

அவருட் சிறு பகுதியினரின் மூளையைப் படம்பிடித்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரையில், தொண்டு புரிந்த ஆண்களிடத்து, ஈராண்டில் மூளையின் அளவு சுருங்காது சிறிது கூடியமையும், தொண்டிற் சேராதாரிடத்து வயதுக்கேற்பச் சுருங்கியமையும் காட்டப்பட்டன. பெண்களிடத்து அவ்விளைவு அத்துணைத் தெளிவாகக் காணப்படவில்லை. ஆராயப்பட்டோர் சிலராதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆயினும் ஃபிரைட் முதலியோரின் எண்ணம் கருதத்தக்கது. உடற்பயிற்சி செய்க என்றும், நூல் படிக்க என்றும் முதியோர்க்கு மருத்துவர் கூறும் அறிவுரை சில கிழமைகளில் மறக்கப்படுகின்றது. வாசிக்கத் தெரியாத பிள்ளையொன்று காலையிற் காத்திருக்கின்றது என்பதோ மறக்கப்படுவதில்லை. அதன்பொருட்டு அவர் எழுகின்றார், நடக்கின்றார், படிகளில் ஏறுகின்றார், பாடத்தைத் தாம் முன்னர்க் கற்றுக்கொள்ளுகின்றார். தம் நலத்தைக் கருதிச் செய்யாதவற்றைப் பிறர் நலத்தைக் கருதிச் செய்யும் இயல்பு முதியோரிடத்து மிகுதி போலும்.

இம்முயற்சிகளின்மேற் கூறப்படும் குறைகளையும் மறைத்தலாகாது. முதலாவது, இத்தகைய வகுப்புக்களை நாடி வருவோர் பெரும்பாலும் முன்னரே கற்றோரும் வசதியுடையோருமே. பதினான்கு வயதிற் பாடசாலையை விட்டுத் தொழிற்சாலை புகுந்தவர், பல்கலைக்கழகம் என்னும் பெயரைக் கேட்டே அஞ்சி விலகுகின்றார். இளமையிற் கல்வி பெற்றவர்க்கே முதுமையிலும் கல்வி கிட்டுமாயின் பழைய அநீதி மேலும் நீளுகின்றதன்றோ! போல்ற்றிமோர் முயற்சி இதற்கு ஒருவாறு விடை பகர்கின்றது. வந்து கற்றுக்கொள்க என்று அழைத்தபோது வராதவர், வந்து உதவுக என்று அழைத்தபோது வந்தனர், வந்தபின் கற்றனர். கற்க வருவோர் தம் அறியாமையை ஒப்புக்கொள்ள வேண்டும். உதவ வருவோர் தம்மிடமுள்ளதை எடுத்து வந்தாற் போதும். வாசல் ஒன்றேயாயினும் அதனுள் நுழைதலின் அச்சம் இரண்டிற்கும் ஒன்றன்று.

இரண்டாவது குறை பல்கலைக்கழகங்களைப் பற்றியது. முதியோர் கல்வியைப் புகழ்வோர் பலர். அதற்குப் பணம் ஒதுக்குவோர் சிலர். ஏற்கெனவே பட்டம் பெற்ற ஒருவர் அதற்குச் சமமான அல்லது அதனிற் குறைந்த தகைமையொன்றிற்காக மீண்டும் கற்பாராயின், அவர்பொருட்டு அளிக்கும் மானியத்தைச் சில துறைகள் நீங்கலாக நிறுத்துவதென 2007இல் இங்கிலாந்து அரசாங்கம் முடிவு செய்தது. 2008 தொடக்கம் அது நடைமுறைக்கு வந்தது. முதற்பட்டம் பெறாத இளைஞர்க்கு அப்பணம் செல்லட்டும் என்பது அரசாங்கத்தின் வாதம். அவ்வாதத்தில் நியாயமில்லை என்று கூறிவிட முடியாது. ஆயின் மாலைநேர வகுப்புக்களிலே வரலாறும் மொழியும் கற்றுவந்த முதியோர் பலர்க்கு அதனாற் கதவு அடைபட்டது. கல்வியைச் சான்றிதழாலும் சம்பளத்தாலும் மட்டுமே அளக்கும் நாட்டிற் கணக்கு அவ்வாறுதான் முடியும். சம்பளம் பெறப்போகாத ஒருவரின் கல்விக்கு அக்கணக்கிற் பெறுமதி சூனியமாகும்.

அங்ஙனமாயின் பல்கலைக்கழகம் எதற்காக உள்ளது என்னும் வினா எழுகின்றது. இதற்கு முதியோரே விடையாகின்றனர். எழுபது வயதிலே வானநூல் கற்பவர் உத்தியோகத்தைக் கருதவில்லை. பதவி உயர்வைக் கருதவில்லை. பெற்றோரின் கட்டாயத்துக்கும் அஞ்சவில்லை. அவற்றையெல்லாம் நீக்கியபின் எஞ்சி நிற்பது யாதோ அதுவே கல்வி. பரீட்சையை நோக்கி ஓடும் இருபது வயது மாணவர் நடுவே அத்தகைய ஒருவர் அமர்ந்திருத்தல் அம்மாணவர்க்கும் ஒரு பாடமாகும்.

நம் நாட்டை நோக்குவோமாயின், இவ்வினா நமக்கும் அண்மையதே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கை மக்களுள் நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மைக்கேல் யங் கனவுகண்ட திறந்த பல்கலைக்கழகத்தின் வழியிலே, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் நிறுவப்பட்டது. கற்க விழைவோர்க்கு ஒருவழி அமைந்துள்ளது. கற்பிக்கவும் உதவவும் விழையும் முதியோரை முறையாக அழைத்தலே இனிச் செய்யற்பாலது.

கேம்பிரிட்ஜ் தொண்டரின் உழைப்பால் விளைந்த பெருநூல் 1981இல் வெளிவந்தது என்றோம். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணப் பொது நூனிலையம் தீக்கிரையாயிற்று; தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. ஓரிடத்து முதுபதிவேடுகள் எண்ணப்பட்டு நூலாகிய காலத்தில் மற்றோரிடத்து நூலும் ஏடும் அழிந்தன. அழிந்தவற்றுட் சிலவற்றின் படிகள் வீடுகளில் இருந்தன. வேறு சில முதியோர் நினைவில் மட்டுமே இருந்தன. 2005இற் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூனிலையம் தொண்டர் பலரின் உழைப்பால் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் தேடிச் சேர்த்துக் காத்துவருவது நாம் அறிந்ததே. நூலாகாத அறிவோ இன்னும் சேர்க்கப்பட வேண்டியுள்ளது. வயல்களின் பழம்பெயர், மழைக்குறி, கடலோடியின் நாள்மீன் அறிவு, கைமருந்து, கூத்தின் மெட்டு, ஊர்களின் இடப்பெயர்வு வரலாறு ஆகியன எப்பதிவேட்டிலும் முழுமையாக இல்லை. அவை எழுபதும் எண்பதும் கடந்தோர் நெஞ்சிலே உள்ளன. அப்பதிவேடுகள் ஆண்டுதோறும் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன.

இதற்குப் பெருநிதியமும் புதுக் கட்டடமும் வேண்டுவதில்லை. மாலைப்பொழுதில் வெறுமையாகக் கிடக்கும் வகுப்பறையொன்று போதும். கிழமைக்கு ஒருநாள் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் ஏட்டெழுத்தை வாசிக்கக் கற்பிக்கலாம். மாணவன் ஒருவன் அவருக்குக் கணினியைக் கையாளக் கற்பிக்கலாம். கமக்காரர் ஒருவர் கூறுவதைப் பழைய மாணவர் ஒருவர் கேட்டெழுதலாம். கற்பிப்போர் கற்போராதலும் கற்போர் கற்பிப்போராதலும் அங்கு இயல்பாக நிகழும். முதியோர்க்கு இடமளிப்பது அவர்மேற் கொண்ட இரக்கத்தின் செயலெனக் கருதுதல் தவறு. கல்லூரி தனக்கே செய்துகொள்ளும் நன்மை அது.